கோல் போடுறவனுக்கு எத்தனை வருஷம் எழுதிக் கொடுக்கலாம்?

போன ஞாயித்துக்கிழமை அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். சுரண்டையில எங்க வீட்ல இருந்து ரெண்டு தெரு தள்ளி. அக்கா திண்ணையில தட்டை மடியில வச்சு பீடி சுத்திக்கிட்டு இருந்தா. பக்கத்துல அவ மகன். லீவுக்கு வந்திருக்கான். பதினஞ்சு வயசு. கோவில்பட்டியில தங்கிப் படிக்கிறான், ஹாக்கி ஆடுறான். ரைட் ஹாஃப்.

நான் போய் உக்காந்ததும் முதல் பேச்சே இதுதான்:

"மாமா, இனிமே நான் ஹாஃப் ஆட மாட்டேன். டிராக் ஃபிளிக் மட்டுந்தான் பழகப் போறேன்."

"ஏம்ல? நல்லாத்தான ஆடுத?"

"ஹாஃப் ஆடி என்ன மாமா கெடைக்கும்? ஏலத்துல பாத்தீங்கள்லா. கோல் போடுதவனுக்குத்தான் காசு."

அக்கா தலையைத் தூக்கவே இல்ல. இலையைச் சுருட்டிக்கிட்டே, "அவன் சொல்லுததுல என்ன தப்பு?"ன்னு மட்டும் கேட்டா.

எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. அவன் ஆசைப்பட்டது தப்பில்ல. ஆனா இவ்வளவு சின்ன வயசுல ஒரு பையன் ஆட்டத்தைக் காசு விழுற இடமா மட்டும் பாக்குறானேன்னு வந்த வருத்தம். அன்னைக்கு ராத்திரி பூரா இதையே யோசிச்சுக்கிட்டு இருந்தேன். அதான் எழுதுறேன். கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கோங்க.

முதல்ல அவன் சொன்ன ஏலம்.

2024 அக்டோபர்ல டெல்லியில ஹாக்கி இந்தியா லீக் ஏலம் நடந்துச்சு. ஏழு வருஷம் நின்னு கிடந்த லீக்கைத் திரும்ப ஆரம்பிச்சாங்க. ஆம்பளைங்க அணி ஒவ்வொண்ணுக்கும் செலவு வரம்பு 4 கோடி. அதுல 24 பேரை எடுக்கணும். சூர்மா அணி ஹர்மன்பிரீத் சிங்கை 78 லட்சத்துக்கு எடுத்துச்சு. ஏலத்துலயே அதுதான் உச்சம். அபிஷேக் 72 லட்சம், ஹர்திக் சிங் 70 லட்சம், அர்ஜென்டினாவுல பிறந்து அப்ப ஜெர்மனிக்கு ஆடின கொன்சாலோ பெய்லாட் 68 லட்சம். நம்ம தமிழ்நாடு டிராகன்ஸ் நெதர்லாந்துக்காரர் யிப் யான்சனுக்கு 54 லட்சம் கொடுத்துச்சு. அவரும் பெனால்டி கார்னர்ல (நாங்க பி.சி.ம்போம்) டிராக் ஃபிளிக் அடிக்கிற ஆளுதான்.

அடிப்படை விலையில கடைசிப் படி எவ்வளவு தெரியுமா? 2 லட்சம்.

இப்ப ஒரு சின்னக் கணக்கு. 4 கோடியில 78 லட்சம் ஒருத்தருக்குப் போயாச்சு. மிச்சம் 3 கோடியே 22 லட்சம். அதை 23 பேருக்குப் பிரிச்சா தலைக்கு 14 லட்சம். அதுலயும் இன்னும் ரெண்டு மூணு பெரிய பேரு இருந்தா, கடைசியில இருக்குற பையனுக்கு என்ன மிஞ்சும்?

ஹர்மன்பிரீத்தைக் குறை சொல்லவே மாட்டேன். பாரிஸ் ஒலிம்பிக்ல 10 கோல் போட்டு வெண்கலம் வாங்கிக் கொடுத்த மனுஷன். அந்தப் பத்தாவது கோலுக்கு எங்க தெருவுல நான் போட்ட சத்தம் இன்னும் பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு ஞாபகம் இருக்கும். அவருக்கு 78 லட்சம் தகும். கிரிக்கெட்ல ஆளுக்குக் கோடிகள் போற ஊர்ல இதெல்லாம் ஒரு காசா?

ஆனா அந்த சீசன்ல கோப்பை வாங்கினது யாரு? ராட் பெங்கால் டைகர்ஸ். 2025 பிப்ரவரி 1, ரூர்கேலா. ஹைதராபாத் டூஃபான்ஸை 4-3ன்னு ஜெயிச்சாங்க. அந்த ஃபைனல்ல ஹாட்ரிக் போட்டவர் ஜுக்ராஜ் சிங். சீசன்லயே அதிக கோலும் அவர்தான், 12. அவர் ஏலத்துல போன விலை 48 லட்சம்.

விலை போன வருஷத்துப் பேரைப் பாத்துதான் ஏறுது. கோலு இந்த வருஷத்து உடம்பைப் பாத்துதான் விழுது. எனக்கு உறுத்துறது இந்த இடம்தான்.

(எங்க அத்தை மகன் டொராண்டோவுல இருக்கான். அங்க ஹாக்கின்னா பனி மேல ஆடுறது. அவன் கட்சி மேப்பிள் லீஃப்ஸ். நான் இந்தக் கதையைச் சொன்னதும் போன்லயே கொதிச்சுட்டான். "மச்சான், நாங்க பட்ட பாட்டை நீ கேளு"ன்னு ஆரம்பிச்சான். அந்த அணி 1967க்கு அப்புறம் கோப்பையைத் தொட்டதில்ல. மேத்யூஸ், மார்னர், டவாரெஸ், நைலாண்டர்னு நாலு பேருக்கு மட்டும் 2024-25 சீசன்ல சம்பள வரம்புல பாதிக்கு மேல கொடுத்தாங்க. மேத்யூஸ் 2023-24ல 69 கோல் போட்டவர். அப்பவும் கோப்பை வரல. 2025ல மார்னர் வேற அணிக்குப் போயிட்டார். "கோலுக்குக் காசு கொடுத்தோம் மச்சான், தடுக்க ஆள் இல்ல"ன்னான்.)

அந்தப் பனி ஹாக்கி லீக்ல நீண்ட ஒப்பந்தம்னா சும்மா இல்ல. 2008ல வாஷிங்டன் அணி ஓவெச்கினுக்கு 13 வருஷம், 12.4 கோடி டாலர்னு எழுதிக் கொடுத்துச்சு. அப்ப அவருக்கு 22 வயசு. 2018ல கோப்பை வாங்கினாங்க. 2025 ஏப்ரல்ல கிரெட்ஸ்கியோட 894 கோல் சாதனையையும் தாண்டிட்டார். கொடுத்த காசு வீண் போகல.

2010ல நியூ ஜெர்சி அணி கோவல்சுக்குக்கு 15 வருஷம், 10 கோடி டாலர் எழுதிச்சு. அவரும் கோல் மழை பொழிஞ்ச ஆளுதான். மூணு சீசன்தான். 2013ல போதும்னு சொல்லிட்டு ரஷ்யாவுக்குப் போயிட்டார்.

அதே 2013ல அந்த லீக் ஒரு கட்டு போட்டுச்சு. இனிமே சொந்த ஆட்டக்காரருக்கு அதிகபட்சம் எட்டு வருஷம்தான்னு. 2025ல அதையும் ஏழாக் குறைக்க ஒத்துக்கிட்டாங்க. காசுல குளிக்கிற ஊரே பயந்து பயந்து வருஷத்தைக் குறைக்குது.

சரி, நம்ம ஊருக்கு வருவோம்.

நான் கோவில்பட்டியில படிச்சப்ப ஒரு சின்ன கிளப்புக்கு ஆடினேன். நாங்க எல்லாருமா காசு போட்டு ஒரு கெஸ்ட் பிளேயரைக் கூட்டிட்டு வந்தோம். வேற ஊர் ஆளு. பி.சி. எடுத்தா கோல்தான். அந்த வருஷம் ரெண்டு கோப்பை. உடனே நாங்க என்ன செஞ்சோம்? அடுத்த ரெண்டு வருஷத்துக்கும் நீதான்னு பேசி முன்பணம் கொடுத்துட்டோம். கோல்கீப்பருக்குப் புது பேட் வாங்க வச்சிருந்த காசு அது. அடுத்த வருஷம் முதல் மேட்ச்லயே அவருக்குத் தொடைத் தசை பிடிச்சுக்கிச்சு. ஆள் பெஞ்ச்ல. எங்க கீப்பர் கிழிஞ்ச பேடைக் கயித்தைப் போட்டுக் கட்டிக்கிட்டு நின்னான். அவன் அன்னைக்கு வாங்கின அடியை என்னால மறக்க முடியல.

அந்த ஃபிளிக்கர் மேல எனக்குக் கோபமே கிடையாது. அவருக்கு வைத்தியத்துக்கு நாங்க அஞ்சு பைசா கொடுக்கலைங்கிறதுதான் இன்னைக்கு நினைச்சாலும் வெக்கமா இருக்கு. முன்பணம் கொடுத்தோம், ஆளைப் பாத்துக்கல.

இங்க எனக்கு எங்க அப்பாவோட மாந்தோப்புக் கதை ஞாபகம் வருது.

நம்ம பக்கம் குத்தகை எப்படின்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். பூவைப் பாத்து விலை பேசுறவங்க உண்டு. அப்பா ஒரு வருஷம் கொத்துக் கொத்தாக் காய்ச்சுக் கிடந்த தோப்பைப் பாத்து மயங்கி, மூணு வருஷத்துக்கு அதே விலையில எடுத்தார். மா மரம் ஒரு வருஷம் அள்ளிக் கொடுத்தா மறு வருஷம் ஒதுங்கும். ரெண்டாம் வருஷம் பாதிகூடக் காய்க்கல. வீட்ல அன்னைக்கு இருந்த அமைதி இன்னும் காதுல கேக்குது.

ஆனா கதை அதோட முடியல. அந்தத் தோப்பை அதுக்கு முன்னால ஒவ்வொரு வருஷமாக் குத்தகைக்கு எடுத்தவங்க எல்லாரும் காயைப் பறிச்சாங்க, கிளையை ஒடிச்சாங்க, போயிட்டாங்க. யாரும் ஒரு கூடை எரு வச்சதில்ல. அடுத்த வருஷம் தோப்பு யாருக்கோ, நமக்கென்னன்னு. மூணு வருஷத்துக்கு எடுத்த எங்க அப்பாதான் வட்டப்பாத்தி எடுத்தார், எரு போட்டார், காஞ்ச கிளையைக் கழிச்சார். மூணாம் வருஷம் மரம் அதைத் திருப்பிக் கொடுத்துச்சு.

அப்பா செஞ்ச தப்பு மூணு வருஷம் எடுத்தது இல்ல. காய்ச்ச வருஷத்து விலையை மூணு வருஷத்துக்கும் பேசினது.

ஹாக்கிக்கும் எனக்கு இதுதான் தோணுது. நீண்ட ஒப்பந்தம் வேணும். கண்டிப்பா வேணும். ஒரு சீசனுக்கு மட்டும் எடுக்குற அணி, பையன் தொடையில தசை இழுத்தாக்கூட ஊசி போட்டு ஆட வைக்கும். அஞ்சு வருஷத்துக்கு எடுத்த அணிதான் "ரெண்டு வாரம் உக்காருப்பா"ன்னு சொல்லும். ஆனா உச்சத்துல இருக்குறப்ப வந்த விலையை அப்படியே அஞ்சு வருஷத்துக்கு எழுதுறது அணியையும் முடக்கும், மத்த 23 பேரையும் முடக்கும்.

இன்னொரு விஷயம். கோலோட மதிப்பே நிலையா இருக்கான்னு பாருங்க. இதே லீக்ல 2016லயும் 2017லயும் ஒரு விதி வச்சாங்க. ஃபீல்டு கோல் போட்டா ரெண்டு கோலாக் கணக்கு. பெனால்டி கார்னர்ல போட்டா ஒண்ணுதான். 2015ல ஒரு அணி நல்ல டிராக் ஃபிளிக்கருக்கு அஞ்சு வருஷம் எழுதிக் கொடுத்திருந்தா என்ன ஆகியிருக்கும்? அவர் அதே வேகத்துல அடிப்பார், அதே மூலையில விழும், ஃபீல்டு கோல் பக்கத்துல மதிப்பு பாதி. இப்ப பழையபடி எல்லா கோலும் ஒண்ணுதான்.

அதைவிடப் பெரிய கேள்வி: ஒப்பந்தம் எழுதுற அணி இருக்குமா?

தமிழ்நாட்டுப் பேர்ல வந்த அணிகளையும், வந்து போன லீக்குகளையும் எண்ணிப் பாருங்க. பிரீமியர் ஹாக்கி லீக்ல சென்னை வீரன்ஸ். அந்த லீக் 2005ல ஆரம்பிச்சு 2008ல முடிஞ்சு போச்சு. 2012ல உலக ஹாக்கி தொடர்னு ஒண்ணு, அதுல சென்னை சீட்டாஸ். ஒரே ஒரு சீசன். 2013ல ஆரம்பிச்ச ஹாக்கி இந்தியா லீக் அஞ்சு சீசன் ஓடி 2017ல நின்னுச்சு. முதல் கோப்பை வாங்கின ராஞ்சி ரைனோஸ்கூட ரெண்டு சீசன்தான் இருந்துச்சு. இப்ப தமிழ்நாடு டிராகன்ஸ். நல்லா இருக்கட்டும், நூறு வருஷம் இருக்கட்டும். ஆனா புது லீக்லயும், ஹர்திக் சிங்கை 70 லட்சத்துக்கு எடுத்த யூ.பி. ருத்ராஸ் ஒரே சீசன்ல விலகிடுச்சு.

அணிக்கே ஆயுசு ரெண்டு வருஷம்னா ஆட்டக்காரருக்கு எட்டு வருஷம் யாரு கையெழுத்துப் போடுறது?

அதனாலதான் நம்ம நாட்டு ஹாக்கியில உண்மையான நீண்ட ஒப்பந்தம்னா அது அரசு வேலைதான். ரயில்வே, இந்தியன் ஆயில், ஓ.என்.ஜி.சி., பஞ்சாப் போலீஸ். 2024 பிப்ரவரியில பஞ்சாப் அரசு ஹாக்கி ஆட்டக்காரங்களுக்கு டி.எஸ்.பி. வேலை கொடுத்துச்சு, ஹர்மன்பிரீத்தும் அதுல ஒருத்தர். கோவில்பட்டிப் பையன்க ஏலத்தைப் பாத்து ஆசைப்படுவாங்க, ஆனா அவங்க வீட்ல கேக்குற கேள்வி "ரயில்வேல எடுப்பாங்களா?"தான்.

ஏன் அந்தக் கேள்வின்னு புரியணும்னா ரெண்டு பேரைச் சொல்லணும்.

முதல் ஆள் பழைய ஜுக்ராஜ் சிங். (இப்ப 12 கோல் போட்டவரும் அதே பேரு, அவரும் டிராக் ஃபிளிக்கர். ஆள் வேற.) 2003ல இந்தியாவோட நம்பிக்கை அவர்தான். இருபது வயசு. அந்த செப்டம்பர்ல கார் விபத்து. அதுக்கப்புறம் பழைய ஆட்டம் திரும்பி வரவே இல்ல.

ரெண்டாவது, இந்திய அணிக்கு ஆடின சந்தீப் சிங். 2006ல உலகக் கோப்பைக்குக் கிளம்புற நேரத்துல, ரயில்ல ஒரு காவலரோட துப்பாக்கி தவறுதலா வெடிச்சு முதுகுல குண்டு. எழுந்து நடப்பாராங்கிற நிலைமை. அவர் எழுந்தார். 2009ல கேப்டனா நின்னு அஸ்லான் ஷா கோப்பை வாங்கினார். 2012 லண்டன் ஒலிம்பிக் தகுதிப் போட்டியில 16 கோல் போட்டார்.

குண்டு பட்டதுக்கும் கோப்பைக்கும் நடுவுல இருந்த அந்த மூணு வருஷம் அவருக்கு யாராவது "நீ எழுந்திரு, நாங்க இருக்கோம்"னு சொல்லணும்ல? ஒப்பந்தம் அதுக்குத்தான். போட்ட கோலுக்குப் பரிசு கொடுக்க மட்டும் இல்ல.

அக்காவோட பீடித் தட்டைப் பாத்துக்கிட்டே இருந்தப்ப இது எனக்கு இன்னும் தெளிவாச்சு. அவளுக்குச் சம்பளம் ஆயிரம் பீடிக்கு இவ்வளவுன்னு. சுத்தினாத்தான் காசு. கை வலிச்சா இல்ல, காய்ச்சல்னா இல்ல. கடையில கொண்டு போய்க் கொடுத்தா அதுலயும் சரியில்லைன்னு கொஞ்சம் கழிப்பாங்க. ஆனா அவ பெட்டியில பத்திரமா வச்சிருக்குறது பாஸ்புக்கை. பி.எஃப். பிடிக்கிற பாஸ்புக். அது வந்த பிறகுதான் அவ முகத்துல ஒரு தைரியம் வந்துச்சு. கோலுக்கு இவ்வளவுன்னு எண்ணிக் கொடுக்குறது ஆயிரம் பீடிக் கணக்கு. ஹாக்கிப் பையன்களுக்கு நான் கேக்குறது பாஸ்புக்.

இப்ப பி.சி.க்கு வாரேன். என் மருமகன்கிட்ட நான் கடைசியா ஞாபகப்படுத்தினது இதுதான்.

2025 நவம்பர், டிசம்பர்ல ஜூனியர் உலகக் கோப்பை சென்னையிலயும் மதுரையிலயும் நடந்துச்சுல்ல, அவனைக் கூட்டிக்கிட்டு மதுரைக்குப் போயிருந்தேன். (இந்தியா வெண்கலம் வாங்கினாங்க.) ஒரு பி.சி. விழுந்துச்சு. அவன் ஃபிளிக்கரையே பாத்துக்கிட்டு இருந்தான். நான் அவன் தலையைத் திருப்பி, "இந்தத் தடவை ஃபிளிக்கரைப் பாக்காத. பேக் லைன்ல நிக்கான் பாரு, அவனைப் பாரு"ன்னு சொன்னேன்.

கோல் போஸ்ட்ல இருந்து பத்து மீட்டர் தள்ளி ஒருத்தன் குனிஞ்சு நிப்பான். அவன் பந்தைத் தள்ளணும். தட்டக் கூடாது, துள்ளக் கூடாது, தரையோட தரையா, நேர் கோட்டுல. 'டி'க்கு (கோலுக்கு முன்னால இருக்குற அரை வட்டம்) வெளிய ஸ்டாப்பர் ஸ்டிக்கைப் படுக்க வச்சுக் காத்துக்கிட்டு நிப்பான். வேகமா வர்ற பந்து அவன் ஸ்டிக்ல பட்ட உடனே செத்து நிக்கணும். அரை அடி தள்ளி நின்னாலும் ஃபிளிக்கரோட காலடி மாறிப் போச்சு. முகத்துல மாஸ்க் போட்டுக்கிட்டு எதிரணி ரஷ்ஷர் தடுக்கப் பாஞ்சு வர்றான். இது எல்லாம் மூச்சு விடுறதுக்குள்ள. அதுக்கப்புறம்தான் டிராக் ஃபிளிக். ஸ்கோர்போர்டுல ஒரு பேருதான் வரும்.

அந்த பி.சி.யே எப்படிக் கிடைச்சுச்சு? எவனோ ஒரு ஹாஃப் எதிராளிகிட்ட இருந்து பந்தைப் பறிச்சு, லைன் ஓரமா ஓடி, 'டி'க்குள்ள கொடுத்து, அது ஒரு டிஃபெண்டர் கால்ல பட்டதாலதான். அந்த ஹாஃபுக்கு ஏலத்துல என்ன விலை?

அவன் அன்னைக்குக் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "மாமா, ஸ்டாப்பர் கை ஆடவே இல்ல"ன்னான்.

நான் ஒரு அணிக்குப் பொறுப்பா இருந்தா எப்படிச் செய்வேன்னு கேட்டீங்கன்னா, எனக்குத் தயக்கமே இல்ல. இருபது, இருபத்தொரு வயசுப் பையன்களுக்கு அஞ்சு வருஷம் எழுதிக் கொடுப்பேன். ஃபிளிக்கருக்கும் கொடுப்பேன், ஸ்டாப்பருக்கும் கொடுப்பேன். அடிபட்டு உக்காந்தா முழுச் சம்பளமும் வைத்தியமும் உண்டுன்னு அதுல எழுதியிருக்கும். 28, 30 வயசு நட்சத்திரத்தைத் தலைமேல வச்சுக் கூப்பிடுவேன், ஆனா ரெண்டு வருஷத்துக்கு. எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் மொத்தக் காசுல பத்துல ஒரு பங்குக்கு மேல ஒருத்தருக்குப் போகாது. அந்த 2 லட்சம் அடிப்படை விலையை முதல் வேலையா ஏத்துவேன்.

வாங்குறதுக்கு ஆள் நம்ம கண்ணு முன்னாலயே இருக்காங்க. அரியலூர்ல இருந்து கோவில்பட்டி ஹாக்கி விடுதிக்கு வந்த கார்த்தி செல்வமும், கோவில்பட்டிக்காரரான மாரீஸ்வரன் சக்திவேலும் 2022ல ஜகார்த்தாவுல நடந்த ஆசியக் கோப்பையில ஒண்ணா இந்திய அணிக்குள்ள வந்தாங்க. கார்த்தி முதல் மேட்ச்லயே பாகிஸ்தானுக்கு எதிரா கோல் போட்டார். அவங்களை உருவாக்கினது ஏலம் இல்ல. விடுதிச் சோறும், டர்ஃபும், காலையில விசில் ஊதின கோச்சும்.

தமிழ்நாட்டு அணி நடத்துறவங்க யாராவது இதைப் படிச்சா ஒண்ணு கேட்டுக்கிறேன். அடுத்த தடவை ஒரு வெளிநாட்டு ஃபிளிக்கருக்குக் கையைத் தூக்குறதுக்கு முன்னால, கோவில்பட்டிக்கு ஒரு நாள் வந்து போங்க. 54 லட்சம்னா அங்க எத்தனை பையன்களுக்கு எத்தனை வருஷம்னு ஒரு தாள்ல எழுதிப் பாருங்க.

மருமகன் லீவு முடிஞ்சு நேத்து கிளம்பினான். சங்கரன்கோவில் வழியாப் போற பஸ்ல ஏத்திவிட்டேன். ஜன்னல்ல இருந்து தலையை நீட்டி, "மாமா, டிராக் ஃபிளிக் பழகத்தான் போறேன். ஆனா ஹாஃபை விடல"ன்னான். எனக்கு அது போதும்.

நீங்களும் மே மாசம் கோவில்பட்டி டர்ஃபுக்கு வாங்க. அப்ப நடக்குற போட்டிக்கு நாடு பூரா இருந்து அணிங்க வரும். சாயங்கால மேட்ச்சுக்கு வந்தா வெயில் தணிஞ்சிருக்கும். பி.சி. விழுந்தா ஒரு தடவையாவது கோல் போஸ்ட்டை விட்டுட்டு ஸ்டாப்பர் ஸ்டிக்கைப் பாருங்க.